இராமநாதபுரம் இராமலிங்க விலாசம்: பள்ளிப் பிள்ளைகளுக்கு எதை, எந்த வரிசையில் காட்டுவது?

#1 வகுப்பறை_மதுரை

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேர், ஆசிரியர்கள் 3 பேர். காலையில் மதுரையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப வேண்டும். இந்தப் பக்கம் வரும் பள்ளி வண்டிகள் பெரும்பாலும் இராமேசுவரத்தை நினைத்தே வருகின்றன. அரண்மனையில் கால் மணி நேரம் இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். எங்களுக்கு அப்படி வேண்டாம். சேதுபதி அரசர்களின் மாளிகையான இராமலிங்க விலாசத்தை நடுவில் வைத்து அந்த நாளை அமைக்க நினைக்கிறோம். உள்ளே எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? எங்கே தொடங்குவது? ஓவியங்களோடு இருக்கும் எழுத்தைப் பிள்ளைகளால் படிக்க முடியுமா? மதியத்துக்கு மேல் எங்கே போவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 அரண்மனைத்தெரு

இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள் சார். அதற்குக் குறைந்தால் ஓவியம் பிடிபடாது.

வண்டியிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் உள்ளே பாதிக் குழப்பம் குறையும். கட்டியவர் ஒருவர், தீட்டச் சொன்னவர் வேறொருவர். சேதுபதிகள் முதலில் போகலூரில் இருந்து ஆண்டார்கள். தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கல்லில் கோட்டை எழுப்பியவர் கிழவன் சேதுபதி என்று ஊர் அழைக்கும் இரகுநாத சேதுபதி. விலாசம் அவர் காலத்துக் கட்டடம். 1710-இல் அவர் இறந்தபின் பட்டத்துக்கு வந்த முத்து விசய இரகுநாத சேதுபதியின் காலத்தில்தான் சுவர் முழுக்க ஓவியம் ஏறியது. சுவரில் இருக்கும் அரசர் முகம் இந்த இரண்டாமவருடையது. இணையத்தில் பல பக்கங்கள் இருவரையும் ஒன்றாக்கிவிட்டன. பிள்ளைகள் தேடிப் பார்த்துவிட்டுத் தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

நுழைந்ததும் ஓவியத்துக்குப் போகாதீர்கள். முன் மண்டபத்தில் எல்லாரையும் நிற்கவைத்து, "இந்த அமைப்பை இதற்குமுன் எங்கே பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பருத்த தூண்களோடு மகாமண்டபம், அடுத்து அர்த்தமண்டபம், பின்னால் கருவறை மாதிரி ஓர் அறை. அந்த அறைக்குப் பெயர் இராமர் பீடம். கோயில் தரைப்படத்தில் கட்டிய அரச சபை இது. இராமர் கட்டிய பாலமான சேதுவைக் காப்பவர் என்பதுதான் இவர்கள் ஆட்சிக்கே ஆதாரம். "சேதுமூல ரட்சா துரந்தரன்" என்பது அவர்கள் பட்டப்பெயர்களில் ஒன்று. அதைக் கட்டடத்தின் வடிவமே சொல்கிறது. பிள்ளைகளே இதைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி நேரம் அவர்களைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்காது.

அடுத்து கீழ்த்தளத்து ஓவியங்கள். இராமாயணம், பாகவதக் கதைகள், தெய்வ உருவங்கள் எல்லாம் உண்டு, ஆனால் நேரத்தை மூன்று காட்சிகளுக்குக் கொடுங்கள்.

ஒன்று, தஞ்சை மராட்டியரோடு நடந்த போர். குதிரை, யானை, துப்பாக்கி, பீரங்கி எல்லாம் ஒரே சுவரில். வாளும் வேலும் துப்பாக்கியும் ஒரே களத்தில் எப்படிப் பயன்பட்டன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. யார் கையில் என்ன ஆயுதம் என்று எண்ணச் சொல்லுங்கள்.

இரண்டு, ஐரோப்பியர் அரசரைக் காண வரும் காட்சி. தொப்பியையும் கால்சட்டையையும் நம் ஓவியர் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: மதுரை நாயக்கர் விசயரங்க சொக்கநாதர் சேதுபதிக்குச் செய்யும் இரத்தின அபிஷேகம். ஏட்டளவில் சேதுபதிக்கு மேலானவர் மதுரை நாயக்கர். மேலானவர் தன்னைப் பெருமைப்படுத்துகிறார் என்று தன் சபைச் சுவரிலேயே அரசர் எழுதிவைக்கிறார். வருகிற ஒவ்வொரு பாளையக்காரரும் தூதரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யாருக்குக் குடை என்ற மூன்று கேள்வி போதும்.

மாடியைப் பற்றி ஆசிரியர்கள் மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அங்கே அரசரின் அந்தரங்க வாழ்க்கை, இசை, நடனம், காதல் காட்சிகள் உண்டு. மறைக்க வேண்டியதில்லை, அந்தக் காலத்து அரண்மனைப் படுக்கையறைச் சுவருக்கு அது இயல்பு. ஆனால் ஓர் ஆசிரியராவது முந்தைய நாளே போய்ப் பார்த்து, எந்த வரிசையில் அழைத்துப் போவது என்று முடிவு செய்துவிட்டால் சங்கடம் வராது. 36 பேரையும் ஒன்றாக ஏற்றாதீர்கள். 12 பேராகப் பிரித்து, ஒரு குழு மாடி, ஒரு குழு கீழ் ஓவியம், ஒரு குழு அங்குள்ள அருங்காட்சியகக் காட்சிப் பொருள் என்று 35 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

#3 செப்பேட்டுவாசிப்பு

ஓவியத்தோடு வரும் எழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ்தான், பழகினால் படிக்கலாம். நான்கு விதியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டு அழைத்து வாருங்கள்.

புள்ளி இருக்காது. வந்தான் என்பது "வநதான" என்று நிற்கும்.

ஒற்றைக் கொம்பு மட்டும்தான். கொட்டை என்று எழுதியிருந்தால் அது கொட்டையாகவும் இருக்கலாம், கோட்டையாகவும் இருக்கலாம். செதுபதி என்றிருந்தால் சேதுபதி. இரட்டைக் கொம்பை வழக்குக்குக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். அவரும் இந்த ஓவியக் காலத்தில் தமிழகத்தில் இருந்தவர்தான். ஆனால் அந்த மாற்றம் எல்லார் கைக்கும் வந்து சேர நெடுநாள் ஆயிற்று.

காலும் ரகரமும் ஒரே வடிவம். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ககரத்தை அடுத்து ஒரு கால் நின்றால் அது "கா", "கர", "கர்" மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். முன்பின் சொல்லை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. வரியை முதலில் எழுத்தெழுத்தாகப் பெயர்த்து எழுதிக்கொண்டு பிறகு பிரிக்க வேண்டும். சுவர் முன்னால் நின்றபடியே படிக்க முயன்றால் கண் சோர்ந்துவிடும்.

செப்பேடு பார்க்கும்போது தேதியையும் கணக்கிடச் சொல்லுங்கள். சாலிவாகன சகாப்தம் என்று ஓர் எண்ணும், அறுபது ஆண்டுப் பெயர்களில் ஒன்றும் சேர்ந்து வரும். எண்ணோடு 78 கூட்டினால் ஆங்கில ஆண்டு. தை, மாசி, பங்குனி மாதமென்றால் 79. ௲௬௱௩௰ என்று இருந்தால் ஆயிரம், அறுநூறு, முப்பது: 1630. அதோடு 78 சேர்த்தால் 1708. அந்த ஆண்டுக்குப் பெயர் சர்வதாரி. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் 2008-உம் சர்வதாரிதான், பஞ்சாங்கத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். எண்ணும் பெயரும் ஓராண்டு தள்ளி நின்றால் பதறாதீர்கள். எழுதியவர் நடப்பு ஆண்டை எண்ணினாரா, கழிந்த ஆண்டை எண்ணினாரா என்பதில் வருகிற வேறுபாடு அது. பெயரையே நம்புங்கள்.

#4 ஓட்டுச்சில்லு

காட்சிப் பொருள் குழுவுக்கு ஒரு குறிப்பு. அழகன்குளம் ஓடுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வாள், வேல் பக்கம் கூட்டம் நிற்கும், ஓட்டுப் பக்கம் யாரும் நிற்க மாட்டார்கள். ஆனால் இந்தக் கரையின் இரண்டாயிரம் ஆண்டுக் கடல் வணிகம் அந்த உடைந்த சில்லுகளில்தான் இருக்கிறது.

அழகன்குளம் வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து ஊர். 1980-களில் தொடங்கிப் பல கட்டமாகத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தது. கறுப்பு சிவப்பு மட்கலம், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள், ரோமானிய ஆம்போரா சாடித் துண்டுகள், ரோமப் பேரரசர்கள் இரண்டாம் வாலண்டினியன், தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ் காலத்துச் செப்புக்காசுகள், ஓட்டில் கீறிய கப்பல் உருவம் எல்லாம் கிடைத்தன.

ரௌலட்டட் தட்டு என்று ஒன்று இருக்கும். அதன் உள்பக்கத்து அடியைப் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டமாக, எறும்பு வரிசை மாதிரி நுணுக்கமான சிறு பள்ளங்கள். அதை ஒவ்வொன்றாகக் குத்தவில்லை. சக்கரம் சுழலும்போது, அரைகுறையாகக் காய்ந்த தட்டின்மேல் வளையும் தகடு ஒன்றை லேசாகப் பிடித்தால் அது துள்ளித் துள்ளிக் கோலம் போடும். வரிசைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒரே சீராக இருப்பதைப் பார்த்தால் அந்தத் துள்ளல் புரியும். முன்பு இதை ரோமிலிருந்து வந்தது என்றார்கள். மண்ணைச் சோதித்தபின் இந்தியாவில் செய்ததுதான் என்பது தெளிவாயிற்று. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள், அறிஞர்கள் கருத்தை மாற்றிக்கொள்வதும் வரலாறுதான்.

ஆம்போரா வேறு. கனமான சுவர், கைப்பிடி, மண்ணுக்குள் கரிய மணல் துகள். மது வந்த சாடி.

அகழ்ந்த இடத்துக்கே வண்டியை விட வேண்டாம். குழிகளை மூடிவிடுவார்கள், அங்கே போனால் வெறும் மேடுதான் தெரியும்.

#5 வகுப்பறை_மதுரை

மிக்க நன்றி. வளரி பற்றி ஒரு கேள்வி. எறிந்தால் திரும்பி வரும் ஆயுதம் என்று பாடநூல் தாண்டிப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். சரியா? அதோடு, அரண்மனையில் இருந்து இராமேசுவரத்துக்குச் சுரங்கப்பாதை உண்டு என்பதும்.

#6 அரண்மனைத்தெரு

வளரி அங்கே பார்வைக்கு இருக்கிறது. மரத்திலும் செய்தார்கள், இரும்பிலும் செய்தார்கள். ஒரு முனை மெலிந்து, கைப்பிடியில் குமிழ் இருக்கும். மறுமுனை அகன்று கனக்கும். அந்தக் கனம் முன்னால் இருப்பதால்தான் சுழன்று போய்க் காலில் அடிக்கிறது. ஓடுகிறவனையும் ஓடும் மானையும் வீழ்த்துவது அதன் வேலை. வேட்டைக்கும் போருக்கும் எறிந்த கனமான வளரி திரும்பி வர வேண்டிய தேவையே இல்லை. இலக்கில் பட்டால் விழுந்துவிடும். 1801-இல் மருது சகோதரர்களை வீழ்த்தியபின் கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) இந்தச் சீமையில் ஆயுதங்களைப் பறித்தார்கள். வளரி அருகிப்போனதற்கு அது ஒரு காரணம்.

சுரங்கம் இல்லை. இராமேசுவரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர், நடுவில் பாம்பன் கால்வாய். இந்த மணல் பூமியில் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும். அந்த நீரை 55 கிலோமீட்டருக்கு இறைத்து வெளியேற்றும் வழி அன்று யாரிடமும் இல்லை. பிள்ளைகள் கேட்டால் "ஊற்று எத்தனை அடியில் வரும்?" என்று திருப்பிக் கேளுங்கள், அவர்களே விடை சொல்லிவிடுவார்கள்.

மாடியில் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி: 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தது இந்த விலாசத்தில்தான். குற்றாலத்தில் தொடங்கி ஊர் ஊராக அலையவிட்டு, இராமநாதபுரத்துக்கு வரவழைத்து, நிற்கவைத்தே விசாரித்தார்கள். வெளியேறும்போது நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். கட்டபொம்மனின் அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பிறகு ஜாக்சன் பதவி இழந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் கட்டபொம்மனுக்குக் கயத்தாறில் தூக்கு. பாடத்தில் படித்த பெயர்கள் நின்ற இடத்தில் நின்று சொன்னால் மறக்காது. இந்தச் சந்திப்புக்கு மூன்றாண்டு முன்பே, 1795-இல், முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிறக்கிச் சிறைக்கு அனுப்பியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜாக்சன் அந்த மாளிகையில் உட்கார்ந்து விசாரித்ததற்குப் பின்னால் இருக்கும் செய்தி அது.

#7 சுண்ணாம்புக்கலவை

எல்லாரும் எதைப் பார்ப்பது என்று எழுதிவிட்டீர்கள். எப்படிப் பார்ப்பது என்பதை நான் எழுதுகிறேன். இந்தச் சுவர் நோயாளி. அதை அப்படித்தான் நடத்த வேண்டும்.

இவை ஈரச் சுண்ணாம்பில் தீட்டிய ஓவியங்கள் அல்ல. சாந்து பூசி, தேய்த்து, காய்ந்தபின் பிசின் கலந்த வண்ணத்தை மேலே ஏற்றியவை. ஈரத்தில் தீட்டினால் வண்ணம் சுண்ணாம்புக்குள் இறுகிவிடும். காய்ந்தபின் தீட்டினால் மேலே ஒரு மெல்லிய தோல் மாதிரி நிற்கும். ஓரத்தில் நின்று சாய்வாகப் பாருங்கள்: சில இடத்தில் அந்தத் தோல் வெடித்து, ஒவ்வொரு துண்டும் விளிம்பில் மேலே சுருண்டு, வெயிலில் காய்ந்த குளத்துச் சேறு மாதிரி நிற்கும். ஒரு விரல் பட்டால் போதும், ஒரு கண்ணோ ஒரு நகையோ பொடியாகிவிடும். தரையோரம் மாவு மாதிரி வெண்பொடி தெரிந்தால் அது தூசியல்ல, உப்பு.

கரையோரச் சுவரில் உப்பு மூன்று வழியில் வருகிறது: கடல்காற்று, தரையிலிருந்து ஏறும் ஈரம், கட்டும்போதே கழுவாமல் போட்ட மணலும் சுண்ணாம்பும். இந்தக் கரையில் சங்கும் சிப்பியும் பவளப்பாறையும் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். பகலில் ஈரப்பதம் இறங்கினால் மறுபடி படிகமாகும். படிகமாகும்போது வளர இடம் தேடி வண்ணத் தோலைப் பின்னாலிருந்து தள்ளும். இராமநாதபுரத்தில் இரவுக்கும் பகலுக்கும் அந்த எல்லையை ஈரப்பதம் தாண்டித் தாண்டி வரும். ஒரு முறை தாண்டினால் ஒரு தள்ளு.

இதில் 36 பேர் ஒரே அறையில் மூச்சுவிட்டால் என்ன ஆகும்? சின்ன அறையில் ஈரப்பதம் கூடத்தான் செய்யும். அதனால் 12 பேர் என்ற கணக்கு நிர்வாகத்துக்கு மட்டுமல்ல, சுவருக்கும் நல்லது. மழைநாள் என்றால் குடையையும் ஈரப் பையையும் வாசலிலேயே விடுங்கள். தண்ணீர்ப் புட்டி உள்ளே வேண்டாம். சுவரிலும் தூணிலும் முதுகு சாயக் கூடாது. வியர்வையிலும் உப்பும் எண்ணெயும் உண்டு. பின்னோக்கி நடந்து படம் எடுப்பவர்தான் எதிர்ச் சுவரில் இடிப்பார், அதைக் கண்காணியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். படம் எடுக்கலாமா என்பதை நுழைவுச் சீட்டு தரும் இடத்தில் கேட்டுவிடுங்கள்.

மேல்வரிசை ஓவியத்துக்கு 8 மடங்கு பைனாகுலர் இரண்டு கொண்டு வாருங்கள், கிட்டப் பார்வைக்குக் குவியும் வகையாக. ஏணியோ நாற்காலியோ தேடாமல் தலைப்பாகையின் மணி வரை தெரியும்.

#8 செப்பேட்டுவாசிப்பு

சுண்ணாம்பு அண்ணே, உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசி நிறுத்திவிடலாமே என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். பிள்ளைகளும் கேட்பார்கள். அதற்கு எளிதாக ஒரு விடை தாருங்கள்.

#9 சுண்ணாம்புக்கலவை

சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். உள்ளே ஏறிய ஈரம் அதன் நுண்துளை வழியே வெளியேறும். சிமெண்ட் அடைக்கும். அடைத்த இடத்தில் வெளியேற முடியாத ஈரம் பக்கவாட்டிலும் மேலேயும் நகர்ந்து, அடுத்த சுண்ணாம்புப் பகுதியில், அதாவது ஓவியம் இருக்கும் இடத்தில், வெளிவரும். உப்பையும் அங்கே கொண்டுவந்து கொட்டும். போதாக்குறைக்குச் சிமெண்டிலேயே கரையும் உப்பு உண்டு. ஒரு சாண் சிமெண்ட் ஒட்டு, சில ஆண்டில் மூன்று சாண் ஓவியத்தைத் தின்றுவிடும்.

சரியான வழி மெதுவானது. முதலில் ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும்: கூரை ஒழுக்கு, தரையோரம் தேங்கும் நீர். அதைச் செய்யாமல் சுவரில் கைவைத்தால் வேலை வீண். பிறகு தூக்கி நிற்கும் தோலின்மேல் மெல்லிய காகிதம் ஒட்டித் தற்காலிகமாகப் பிடித்து, பின்னால் ஊசி வழியே நீர்த்த சுண்ணாம்புக் கரைசல் செலுத்தி உட்காரவைப்பார்கள். உப்பை எடுக்க, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த காகிதக் கூழைச் சுவரில் அப்பி, அது காயும்போது உப்பு கூழுக்கு இழுபட்டபின் உரித்தெடுப்பார்கள். ஒரே இடத்தில் பலமுறை செய்ய வேண்டும். ஓவியம் நீரில் கரையுமா என்று மூலையில் சோதிக்காமல் தொடவே கூடாது. பழைய வெள்ளையடிப்புக்குக் கீழே வண்ணம் இருந்தால் அதைச் சிறு கத்தியால் செதில் செதிலாக எடுப்பார்கள். ஒரு நாளில் உள்ளங்கை அகலம் போனாலே நல்ல வேலை.

ஓவியமில்லாத சுவருக்கு ஒட்டுப்போட நம்மூர்ச் சாந்தே போதும். நீர்த்து ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய ஆற்று மணல் 2 முதல் 3 பங்கு. இடித்த கடுக்காயையும் கருப்பட்டியையும் பத்துப் பதினைந்து நாள் ஊறவைத்து, வடித்த தண்ணீரில் கலவையை அரைக்க வேண்டும். கடுக்காய் சாந்தை இறுக்கும். கருப்பட்டி, காய்வதை மெதுவாக்கி வெடிப்பைக் குறைக்கும். கருப்பட்டி கூடினால் எறும்பு வரும், பூஞ்சை பிடிக்கும். கடல் மணல் போட்டால் உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசியதாகிவிடும். இந்தப் பக்கம் அதிகம் நடக்கும் தப்பு இதுதான்.

#10 கீழக்கரை_கரையோரம்

மதியத்துக்குக் கீழக்கரை வாங்க சார். அரண்மனையிலிருந்து ஏறக்குறைய 17 கிலோமீட்டர், முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். கிழவன் சேதுபதி காலத்தை மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம். சீதக்காதி என்ற பெரியதம்பி மரைக்காயர் அவருடைய நண்பர். விசய இரகுநாத என்ற அரச பட்டத்தையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் உரிமை பெற்றவர். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். இங்குள்ள பழைய ஜும்மா பள்ளிவாசல் முழுக்கக் கல்லால் ஆனது. தூண், போதிகை, கூரைக் கல் எல்லாம் நம் கோயில் சிற்பிகள் கை. ஆள் உருவம், விலங்கு உருவம் கிடையாது; பூவும் கொடியும் கோலமும் மட்டும். காலையில் பார்த்த மகாமண்டபத் தூணை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தத் தூணைப் பார்க்கச் சொல்லுங்க.

லுஹர் (நண்பகல்) தொழுகை முடிந்தபிறகு, அசருக்கு (பிற்பகல் தொழுகைக்கு) முன்னால் வர வேண்டும். இரண்டரை மணி சுமார் நல்ல நேரம். முன்கூட்டியே ஜமாஅத்தில் சொல்லி அனுமதி வாங்கிக்குங்க, மாணவிகள் எதுவரை வரலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்குங்க. தலைக்குத் துணி, முழுக்கால் உடை.

அரண்மனைக்குப் பணம் வந்த வழி என்ன என்று பிள்ளைகள் கேட்டால் கடலைக் காட்டுங்க. வானம் பார்த்த பூமி இது. விளைச்சல் மட்டும் போதாது. சங்கு குளிக்கும் உரிமை சேதுபதியிடம் இருந்தது. டச்சுக்காரர் அதற்காகத்தான் அரண்மனை வாசலுக்கு வந்தார்கள். சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாக அறுபட்டது. குளியாளி கொண்டுவந்த சங்கை எண்ணி வாங்குமுன் ஒரு துளைப் பலகையில் போட்டுப் பார்ப்பார்கள். துளைக்குள் விழுந்தால் அது சின்னது, மறுபடி கடலுக்குப் போகும். நின்றால் தேறியது. கடலின் சரக்கு தீராமல் இருக்க அன்றைக்கே வைத்த அளவு அது.

#11 வகுப்பறை_மதுரை

காக்கா (அண்ணே), இது அருமையான இணைப்பு. சேர்த்துக்கொள்கிறோம். வலம்புரிச் சங்கு என்று கடைகளில் விற்கிறார்களே, பிள்ளைகள் வாங்க ஆசைப்படுவார்கள். எப்படி அறிவது?

#12 கீழக்கரை_கரையோரம்

வாங்கவிட வேண்டாம். உண்மையான வலம்புரி அந்த விலைக்குக் கிடைக்காது. ஆனால் பார்க்கக் கற்றுக்கொடுங்க, நல்ல உயிரியல் பாடம். சங்கின் கூர்ச்சுருளை மேலே வைத்து, வாயை உங்கள் பக்கம் திருப்புங்க. வாய் உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் அது எல்லாச் சங்கும் போன்ற இடம்புரி. இடக்கைப் பக்கம் இருந்தால் வலம்புரி. பூசையில் சுருளைக் கீழே வைத்துப் பார்ப்பதால் பக்கம் மாறித் தெரியும், பெயர்க் குழப்பம் அங்கே வருகிறது.

அடுத்தது வாய்க்குள் பாருங்க. நம் கடல் சங்குக்கு நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்பு வரிவரியாக இருக்கும், விரல் நுனிக்குத் தட்டுப்படும். அமெரிக்கக் கரையில் இயல்பாகவே இடப்பக்கம் வாய் திறக்கும் வேறொரு சங்கினம் இருக்கிறது. அதைத்தான் வலம்புரி என்று நிறைய விற்கிறார்கள். அதற்கு மடிப்பு கிடையாது, நடுத்தண்டு வழவழ என்றிருக்கும்.

பவளப்பாறைத் துண்டு, கடல்விசிறி, கடற்குதிரை யார் கொடுத்தாலும் தொட வேண்டாம்னு சொல்லிடுங்க. 2001 முதல் வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, வைத்திருப்பதே குற்றம். இந்தக் கரையில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாறையை வெட்டி எடுத்ததில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்பு அண்ணன் சொன்ன அதே பாறைதான். இங்கே எங்களுக்குச் சுரங்கம் என்று இருந்தது கடலடிதான்.

#13 ஓட்டுச்சில்லு

காசு பார்க்கும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. "சேது" என்று தமிழில் எழுதிய சின்னச் செப்புக்காசு எல்லாம் சேதுபதி காசு ஆகாது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் "சேது" என்று பொறித்துக் காசு வெளியிட்டார்கள். படுத்த காளையும் கீழே சேது என்ற எழுத்தும் இருந்தால் பெரும்பாலும் யாழ்ப்பாணம். சேதுபதி காசுகள் காலத்தால் பிந்தியவை. கடலுக்கு இரண்டு கரையிலும் ஒரே சொல் அரச அடையாளமாக இருந்தது என்பதுதான் இதில் சொல்ல வேண்டிய செய்தி.

#14 வகுப்பறை_மதுரை

எல்லாருக்கும் நன்றி. இப்படி வைத்திருக்கிறோம்:

காலை 6.45 மதுரை. 9.30 இராமநாதபுரம், காலை உணவு. 10 மணிக்கு விலாசம்: 20 நிமிடம் எல்லாரும் மகாமண்டபத்தில், பிறகு மூன்று குழுவாக 35 நிமிடச் சுற்று மூன்று. கடைசி 15 நிமிடம் இரத்தின அபிஷேகக் காட்சி முன்னால் எல்லாரும். 12.30 வெளியே, அரண்மனை வளாகத்து இராசராசேசுவரி கோயில் நடை திறந்திருந்தால் வழிபாடு, 1 மணி உணவு. 2.30 கீழக்கரை. 4 மணிக்குக் கிளம்பி வழியில் திருப்புல்லாணி, அங்கிருந்து சேதுக்கரையில் அரை மணி. இரவு 9 மணிக்குள் மதுரை. வெள்ளிக்கிழமை போகலாம் என்று பள்ளியில் சொல்கிறார்கள்.

#15 அரண்மனைத்தெரு

வெள்ளி வேண்டாம் சார். அரசு அருங்காட்சியகங்களுக்கு இங்கே வெள்ளி விடுமுறை என்பது பழைய வழக்கம். கீழக்கரையில் அன்று ஜும்மா. இரண்டும் தவறும். வேறு எந்த நாள் என்றாலும் இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் கேட்டுவிடுங்கள், அரசு விடுமுறை, பராமரிப்பு வேலை எதுவும் குறுக்கே வரலாம். பள்ளியின் முத்திரையோடு கடிதம் கொண்டு வாருங்கள்.

கடைசி 15 நிமிடம் எல்லாரும் ஒன்றாக அந்தக் காட்சி முன்னால் என்று வைத்திருக்கிறீர்கள். 39 பேர் நெருங்கி நின்றால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது, முன்வரிசை சுவரில் முட்டும். அதையும் குழுச் சுற்றுக்குள்ளேயே வைத்து, மீதமாகும் 15 நிமிடத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து குறிப்பு எழுதக் கொடுங்கள்.

#16 சுண்ணாம்புக்கலவை

அண்ணன் சொன்னது சரி. கூடவே ஒன்று: ஐப்பசி கார்த்திகை மழையில் வராதீர்கள். உள்ளே வெளிச்சம் குறைவு, சுவர் ஈரத்தில் இருக்கும், வண்ணமும் மங்கித் தெரியும். தை பிறந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வாருங்கள். வானம் வெளுத்திருக்கும், முற்பகல் வெளிச்சம் மண்டபத்துக்குள் நன்றாக வரும், டார்ச் தேவைப்படாது.

#17 வகுப்பறை_மதுரை

தை கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை என்று மாற்றிவிட்டோம். பைனாகுலர் இரண்டுக்கு இயற்பியல் ஆசிரியர் பொறுப்பு. பழைய எழுத்துக்கு முந்தைய வாரம் ஒரு பாடவேளை. "கா, கர, கர்" அதில் முதல் பயிற்சி.